டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் விந்தணு ஏன் குறைகிறது?

ஜிம்முக்குப் போகிறவர் என்றால் இந்த அறிவுரை உங்கள் காதிலும் விழுந்திருக்கும்: "ஒரு டெஸ்டோ சைக்கிள் போடு ப்ரோ, மூணே மாசத்துல உடம்பு ஏறிடும்." எப்போதும் சோர்வு, ஆசை குறைவு என்று இணையத்தில் தேடினாலும் இதே ஹார்மோன்தான் கண்ணில் படுகிறது. ஆண்மைக்கான ஹார்மோன்தானே, குழந்தை பிறக்கவும் உதவும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் நடப்பது நேர் எதிர். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ளே போகப் போக, விந்தணு உற்பத்தி குறையும். பலருக்கு அது பூஜ்யத்துக்கே போய்விடும்.

இந்த விளைவை நம்பித்தான் ஆண்களுக்கான கருத்தடை ஊசியே சோதிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 7 நாடுகளில் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வில், 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் ஊசி போடப்பட்டது. அவர்களில் 157 பேரின் விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் போனது. ஜிம் சைக்கிள்களில் போடப்படும் அளவு பல நேரங்களில் இதைவிட அதிகம்.

உடம்புக்குள்ள என்ன நடக்குது?

விரைகளுக்கான உத்தரவு தலையிலிருந்து வருகிறது. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்எச் வந்தால் விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். எஃப்எஸ்எச், விந்தணுக்களை வளர்க்கும் செல்களை வேலை வாங்கும். ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பதை மூளை கவனித்துக்கொண்டே இருக்கும். அறை போதுமான அளவு குளிர்ந்ததும் ஏசியின் கம்ப்ரஸர் நிற்கிறது அல்லவா, அப்படித்தான் இதுவும்.

ஊசி போட்டதும் ரத்தத்தில் அளவு கூடுகிறது. "போதுமான அளவு இருக்கே" என்று மூளை உத்தரவை நிறுத்திவிடுகிறது. விரைகளின் சொந்த உற்பத்தியும் நிற்கிறது. விந்தணு உருவாக வேண்டுமானால், ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியில் போடும் ஊசியால் அந்த அளவை அங்கே கொண்டுசேர்க்க முடியாது. அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் அமோகமாக இருக்கும், தசையும் ஏறியிருக்கும், விந்தணு மட்டும் இருக்காது. நாளடைவில் விரைகளும் சுருங்கலாம்.

நிறுத்தினா திரும்பி வருமா?

பெரும்பாலும் வரும். ஆனால் உடனே வராது. ஒரு விந்தணு உருவாகவே சுமார் 74 நாட்கள் ஆகும். கருத்தடை ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோருக்கு, ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள் எண்ணிக்கை மீண்டது. சிலருக்கு 2 ஆண்டுகள் வரை ஆனது. வருஷக்கணக்கில் பல ஸ்டீராய்டுகளைக் கலந்து போட்டவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். சிலருக்கு முழுமையாக மீளாமலும் போகலாம்.

மீட்க உதவும் மருந்துகள் உண்டு. எச்சிஜி ஊசி, எல்எச் செய்யும் வேலையைத் தான் செய்து விரைகளை எழுப்பும். தேவைப்பட்டால் எஃப்எஸ்எச் ஊசியும் சேர்ப்பார்கள். குளோமிஃபீன் மாத்திரையையும் சில மருத்துவர்கள் தருவதுண்டு. எது, எவ்வளவு நாள் என்பது உங்கள் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து முடிவாக வேண்டியது.

பெண்களுக்குத் தரும் மாத்திரையும் இதே வழியில்தான்

பெண்ணின் உடலிலும் எல்எச், எஃப்எஸ்எச்தான் உத்தரவு போடுகின்றன. கருத்தடை மாத்திரை அந்த உத்தரவை அடக்கிக் கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. குழந்தைக்காகத் தரும் மாத்திரைகள் அதையே தலைகீழாகச் செய்கின்றன. குளோமிஃபீன், ஈஸ்ட்ரோஜன் இருப்பதை மூளை உணராதபடி மறைக்கிறது. லெட்ரோசோல், ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே சில நாட்களுக்குக் குறைக்கிறது. இரண்டிலும் மூளை "பத்தலையே" என்று எஃப்எஸ்எச்-ஐக் கூட்டும், கருமுட்டை வளரும்.

லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மருந்து. இதைக் குழந்தையின்மை சிகிச்சைக்குப் பயன்படுத்த இந்தியா 2011-இல் தடை விதித்து, 2017-இல் விலக்கிக்கொண்டது. இடையே, 2014-இல் அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும், குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. இன்று பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கருமுட்டை வளர, சர்வதேச வழிகாட்டுதல்கள் முதலில் பரிந்துரைப்பது லெட்ரோசோலைத்தான்.

ஆனால் குழந்தை தாமதமானால் மனைவியை மட்டும் ஸ்கேனுக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கணவர் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார், அதை யாரிடமும் சொல்லவில்லை என்றால், மனைவி மாதாமாதம் மாத்திரை விழுங்கியும் பலன் இருக்காது. பழி மட்டும் அவர் மேல் விழும். வயது கூடக்கூட அவரது கருமுட்டைகளும் குறைகின்றன.

நீங்க என்ன செய்யணும்?

• இப்போதோ பின்னரோ குழந்தை வேண்டும் என்றால், டெஸ்டோஸ்டிரோன் தொடங்கும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி மட்டுமல்ல, ஜெல்லுக்கும் இது பொருந்தும்.

• சோர்வு என்றால் முதலில் பரிசோதனை. டெஸ்டோஸ்டிரோன் அளவைக் காலையில், இரண்டு வெவ்வேறு நாட்களில் பார்க்க வேண்டும். தூக்கமின்மை, உடல் பருமன், தைராய்டு, மன அழுத்தம் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம்.

• இந்தியாவில் இது மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. ஜிம்மில் கைமாறும் பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

• ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் பயந்து திடீரென நிறுத்தாதீர்கள். யூராலஜிஸ்ட், ஆண்ட்ராலஜிஸ்ட் அல்லது எண்டோகிரைனாலஜிஸ்ட்டைப் பாருங்கள். என்ன மருந்து, எத்தனை மாதம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

• ஓராண்டு முயன்றும் கரு தரிக்கவில்லை என்றால் இருவரும் ஒரே நேரத்தில் பரிசோதனைக்குப் போங்கள். மனைவிக்கு 35 வயதோ அதற்கு மேலோ என்றால் 6 மாதமே போதும், அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். ஆணுக்கான விந்துப் பரிசோதனை எளிமையானது, செலவும் குறைவு. அதை முதல் வாரத்திலேயே முடித்துவிடலாம்.