கிளையை எங்கிருந்து பிரிப்பது? கிட் களஞ்சியமே காட்டும் வழி

புலனக் குழுவில் ‘இடுபணி_இறுதி’, ‘இடுபணி_இறுதி2’, ‘இதுதான்_உண்மையான_இறுதி’ என்று கோப்புகள் சுற்றுவதைப் பார்க்காத ஆசிரியர் இருக்க மாட்டார். நிரல் எழுதும் மாணவர் குழுக்களில் நிலைமை இன்னும் மோசம். ஒருவர் சேமித்தால் மற்றவர் எழுதியது காணாமல் போய்விடும். இதற்குத்தான் கிட் போன்ற மென்பொருள். கிளை என்றால் என்ன என்று கேட்டால் மாணவர்கள் சொல்லிவிடுகிறார்கள். எந்தக் கிளையை எங்கிருந்து பிரிப்பது என்று கேட்டால்தான் தடுமாற்றம்.

விடை தேட நல்ல இடம், கிட் திட்டத்தின் சொந்தக் களஞ்சியம். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலையில் ஜூனியோ ஹமானோ பராமரிப்பை ஏற்றார். (கிட் வேறு, கிட்ஹப் வேறு. முன்னது கருவி, பின்னது களஞ்சியங்களை வைக்கும் தளம். சோதனைத் தாளில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

அங்கே முக்கியமாக நான்கு கிளைகள். ‘மெயின்ட்’: வெளிவந்துவிட்ட பதிப்புக்கான பிழைத்திருத்தம் மட்டும். ‘மாஸ்டர்’: அடுத்த பதிப்பாக வரப்போவது. ‘நெக்ஸ்ட்’: மாஸ்டருக்குப் போகுமுன் சோதித்துப் பார்க்கும் இடம். ‘சீன்’: பராமரிப்பாளர் கண்ணில் பட்டவை, அவ்வளவுதான், ஏற்கப்படும் என்ற உறுதி இல்லை. இதை அடிக்கடி கலைத்துக் கட்டுவதால் இதன்மேல் யாரும் வேலையைத் தொடங்குவதில்லை.

ஒவ்வொரு புது வேலைக்கும் தனியாக ஒரு தலைப்புக் கிளை. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பழைய பதிப்பிலும் உள்ள ஒரு பிழையைத் திருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளையை மாஸ்டரிலிருந்து பிரித்தால் என்ன ஆகும்? மாஸ்டரின் அதுவரையான வரலாறு முழுவதும் அந்தக் கிளைக்குள் இருக்கிறது. அதை மெயின்டில் இணைத்தால், மூன்று வரித் திருத்தத்தோடு யாரும் கேட்காத புது வசதிகளும் கூடவே வந்து இறங்கும். மெயின்டிலிருந்து பிரித்தால் இந்தத் தொல்லை இல்லை. மெயின்டிலும் இணைக்கலாம், மாஸ்டரிலும் இணைக்கலாம். ஆகவே, மாற்றம் போய்ச் சேரவேண்டிய கிளைகளில் எது மிகப் பழையதோ, அதிலிருந்து பிரிக்க வேண்டும்.

இன்னொன்று. நெக்ஸ்ட் கிளை மொத்தமாக மாஸ்டரில் இணைக்கப்படுவதில்லை. தேறிய தலைப்புக் கிளை மட்டும் தனியாகப் போகிறது. நெக்ஸ்டில் பத்துப் பேர் வேலை கலந்திருக்கும். ஒருவருடையது அரைகுறையாக இருந்தால் மற்ற ஒன்பது பேர் ஏன் காத்திருக்க வேண்டும்? குழுப்பணியில் அடிபட்ட மாணவருக்கு இது உடனே புரியும்.

நான்கு பேர் கொண்ட பள்ளிக் குழுவுக்கு இத்தனை கிளைகள் தேவையே இல்லை. ஒரு முதன்மைக் கிளையும் ஆளுக்கொரு தலைப்புக் கிளையும் தாராளம். ஆனால் மேலே சொன்ன பிழைத்திருத்தக் கணக்கை மட்டும் தாளில் வரையச் சொல்லுங்கள்: கமிட்டுக்கு வட்டம், தாய்க் கமிட்டை நோக்கி அம்பு. அம்பு பின்னோக்கித்தான் போகும்; பலர் முன்னோக்கிப் போடுவார்கள், அதற்குப் புள்ளி கொடுக்காதீங்க.