தொலைநிலைக் கல்வியில் யாருக்கு மார்க்?

'கரஸ்ல படிக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் உடனே எழுப்பும் சந்தேகம் 'அந்தப் பட்டம் செல்லுமா?' என்பதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதிப் பட்டியலைப் பார்த்தால் அதற்கு விடை கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பட்டியலில் விடை இல்லாத கேள்விகளும் உண்டு. முகம் பார்க்காத மாணவர் உண்மையில் கற்றாரா? கற்பித்தவர் தன் வேலையைச் செய்தாரா? அந்தப் பாடம் படிக்கத் தகுந்ததாக இருந்ததா?

வகுப்பறையில் ஓர் ஆசிரியர் மாணவர்களின் முகத்தைப் பார்த்தே பாதிப் பேருக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொள்வார். தொலைநிலைக் கல்வியில் அந்த வசதி இல்லை. அங்கே மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையே போய்வருவது ஒப்படைப்பு, அதாவது அசைன்மென்ட், ஒன்றுதான். மேலே கேட்ட மூன்று கேள்விகளுக்கும் அதற்குள்தான் விடை தேட வேண்டும்.

1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான படிப்புகளுக்கு ஒப்படைப்பு 30 விழுக்காடு, பருவ இறுதித் தேர்வு 70 விழுக்காடு. இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளும் தொடர் மதிப்பீட்டுக்கு 30 விழுக்காட்டையே உச்சவரம்பாக வைத்திருக்கின்றன. எழுபதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஹால் டிக்கெட், அடையாள அட்டை, கண்காணிப்பாளர் என்று எல்லாம் இருப்பதால், எழுதுபவர் அவர்தான் என்பதாவது உறுதியாகிறது.

விஷயம் அந்த முப்பதில் இருக்கிறது. ஒப்படைப்பு மார்க் போடுவதற்காக மட்டும் ஏற்பட்டதல்ல. அது கற்பிக்கும் கருவி. திருத்துபவர் ஓரங்களில் குறிப்பு எழுத வேண்டும். எங்கே தடம் மாறியது, எதைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று கடைசியில் நாலு வரி சொல்ல வேண்டும். தேர்வுக்கு முன்பே அது மாணவர் கைக்குத் திரும்ப வேண்டும். ஆசிரியரின் குரல் மாணவரைச் சென்றடைய வேறு வழி அநேகமாக இல்லை.

ஆனால் நடைமுறையில், விடை எழுதிய ஒப்படைப்புகள் இணையத்தில் விலைக்குக் கிடைக்கின்றன. கையால்தான் எழுத வேண்டும் என்ற விதி இதைத் தடுத்துவிடாது. கையெழுத்து மாணவருடையதாகவும் விடை வேறொருவருடையதாகவும் இருக்கலாம். இதற்கு மாணவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் எழுத உட்காரும் ஒருவருக்கு, தான் எழுதியதை யாராவது படிப்பார்கள் என்ற நம்பிக்கையாவது வேண்டாமா? எல்லோருக்கும் ஒரே கேள்வி, பாடநூலின் ஒரு பக்கமே விடை, திரும்பி வருவது ஓர் எண் மட்டும் என்றால் அவர் ஏன் சொந்தமாக எழுத வேண்டும்? வணிகவியல் மாணவரிடம் அவர் தெருவிலுள்ள ஒரு கடையின் ஒரு வாரக் கணக்கைப் பதிந்து அலசச் சொன்னால், அந்த விடையை விலைக்கு வாங்குவது கடினம்.

இனி, ஆசிரியர் தன் வேலையைச் செய்தாரா என்ற கேள்வி. பிரிட்டனில் 1969இல் அரச சாசனம் பெற்று, 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்த திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வழி கண்டது. பயிற்றுநர் திருத்திய விடைகளில் சிலவற்றை அனுபவமுள்ள மற்றொருவர் எடுத்துப் படிப்பார். மார்க் சரியா என்பதோடு, எழுதிய குறிப்பு மாணவருக்கு உதவுமா என்பதையும் பார்த்துப் பயிற்றுநருக்குக் கருத்துச் சொல்வார். கண்ணுக்குத் தெரியாத கற்பித்தலை மதிப்பிட இதைவிட நேர்மையான முறையை நான் அறியேன். நம் கல்வி மையங்களில் திருத்தப்படும் தாள்களில் ஒரு சிறு பகுதியையாவது இப்படி மறுபடி படித்தால் போதும், நிலைமை மாறத் தொடங்கும்.

பல கல்லூரிகள் நாடும் எளிய வழி, மாணவரிடம் ஆசிரியருக்கு மார்க் போடச் சொல்வது. இதில் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓர் இணையவழி வகுப்பின் உதவிப் பயிற்றுநர்கள் இருவரில் ஒருவர் ஆண், ஒருவர் பெண். இருவரும் ஒரு குழுவுக்குத் தங்கள் அடையாளத்திலும், இன்னொரு குழுவுக்கு மற்றவரின் அடையாளத்திலும் கற்பித்தார்கள். யாரை ஆண் என்று நினைத்தார்களோ அவருக்கே மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். விடைகளை ஒரே வேகத்தில் திருத்திக் கொடுத்திருந்தும், விரைவாகத் திருத்துபவர் என்ற பெயரும் 'ஆணு'க்கே போனது. 43 மாணவர்கள் மட்டுமே இருந்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் நட்சத்திரக் குறிகளை வைத்து ஒருவரின் வேலையைத் தீர்மானிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கருத்துப் படிவத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களே அதை நிரப்புகிறார்கள். மூன்றாம் பாடத்தில் மனம் சோர்ந்து விலகியவருக்குப் படிவமே போவதில்லை. தொலைநிலைக் கல்வியில் இப்படி விலகுபவர்கள் ஏராளம். பாடத்தின் தரத்தை அறிய முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான்: எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன்? அச்சிட்ட பாடநூல் பல ஆண்டுகள் புழங்கும். அதிலுள்ள ஒரு குழப்பமான பத்தி ஆண்டுதோறும் புதிய மாணவர்களைத் தடுமாற வைக்கும். பிரிட்டன் பல்கலைக்கழகம் சில பாடங்களை, முழுமையாக வெளியிடும் முன்பே மாணவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லித் திருத்தியது.

ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் நடத்தும் என்பிடெல் இணையவழிப் படிப்புகளில் வேறு வகைக் கணக்கு. வாராந்தர ஒப்படைப்புகளைக் கணினியே திருத்துகிறது. 12 வாரப் படிப்பில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25. மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு முதலாவதில் 10, இரண்டாவதில் 30 வேண்டும். நாலு வரிக் குறிப்பு எழுத இங்கே யாருமில்லை. அதே சமயம், எந்தக் கேள்வியில் ஆயிரக்கணக்கானோர் ஒரே மாதிரி சறுக்கினார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். அப்படிச் சறுக்கினால் கேள்வியிலோ பாடத்திலோ கோளாறு என்று பொருள். தாளில் திருத்தும் ஆசிரியர்களும் தாங்கள் கண்ட பொதுவான தவறுகளைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி அனுப்பினால் இதே பயன் கிடைக்கும்.

சேரப்போகிறவர்கள் கட்டண விவரத்தோடு இதையும் கல்வி மையத்தில் கேளுங்கள்: ஒப்படைப்பை யார் திருத்துவார்? எத்தனை நாளில் திரும்பும்? சென்ற ஆண்டு திருத்திய தாள் ஒன்றை, மாணவர் பெயரை மறைத்தாவது, காட்ட முடியுமா?