ஒரே சர்க்கரை, மூன்று எதிர்வினைகள்: ஏன்?

இறைச்சி உண்டு சில மணி நேரம் கழித்து ஒருவருக்கு உடலெங்கும் தடிப்பும் மூச்சுத்திணறலும் ஏற்படுவதற்கும், பன்றியின் உறுப்பை மனித உடல் உடனே நிராகரிப்பதற்கும், செடுக்சிமாப் என்னும் புற்றுநோய் மருந்து ஏறத் தொடங்கியதுமே சிலர் மயங்கிச் சரிவதற்கும் அடிப்படை, ஆல்ஃபா-கேல் என்னும் ஒரே சர்க்கரைக் கூறு ஆகும்.

இரண்டு காலக்டோஸ் அலகுகள் இணைந்த இக்கூறு பெரும்பாலான பாலூட்டிகளின் செல்களில் இருந்தாலும், அதை உருவாக்கும் மரபணு மனிதரிடம் செயலிழந்துவிட்டதால், நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியமாகவே கருதுகிறது. குடல் பாக்டீரியாக்களின் மேலுள்ள ஒத்த சர்க்கரைகளால் தூண்டப்பட்டு எப்போதும் குருதியில் இருக்கும் எதிர்ப்பொருள்கள், பன்றி உறுப்பின் குருதிக்குழாய்ச் சுவர்களைத் தாக்கி அதைச் சில மணி நேரத்துக்குள் செயலிழக்கச் செய்கின்றன.

சிலவகை உண்ணிகள் கடிக்கும்போதோ, அவற்றின் உமிழ்நீரோடு இச்சர்க்கரை தோலுக்குள் புகுவதால், ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ என்னும் வேறுவகை எதிர்ப்பொருள் உருவாகிறது. எலிச் செல்களில் தயாரிக்கப்படும் செடுக்சிமாப் மருந்திலும் ஆல்ஃபா-கேல் இருப்பதை 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மருந்து நேரே குருதியில் கலப்பதால் எதிர்வினை உடனே எழுகிறது; இறைச்சியிலோ இக்கூறு கொழுப்போடு பிணைந்து மெதுவாகச் செரிப்பதே தாமதத்துக்குக் காரணமாகலாம் என்று கருதப்படுகிறது. இச்சர்க்கரை நீக்கப்பட்ட மரபணு மாற்றப் பன்றிக்கு அமெரிக்க அரசு 2020-இல் ஒப்புதல் அளித்தது.