முதல் பிரசவ பயமும் ஒரு நிமிட ஐஸ் கட்டியும்

வகுப்புக்கு வந்திருக்கும் கர்ப்பிணிகளின் கையில் ஐஸ் கட்டி கொடுக்கப்படுகிறது. ஒரு நிமிடம் அதைக் கீழே போடாமல் பிடித்திருக்க வேண்டும். உடன் வந்த கணவருக்கும் இதே பயிற்சிதான். குளிர் எரிச்சலாகி, எரிச்சல் வலியாக மாறும்போது மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மட்டும் கவனிக்கச் சொல்கிறார் ஆசிரியர். வலி குறைந்துவிடுவதில்லை. ஆனால், ‘இன்னும் எவ்வளவு நேரமோ’ என்று மனம் அடித்துக்கொள்வது குறைகிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இந்த வகுப்பை உருவாக்கியவர் நான்சி பார்டாக். நீண்டகாலம் பிரசவம் பார்த்த அனுபவம் கொண்ட பேறுகாலச் செவிலியர். ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாள்பட்ட வலியோடு வந்த நோயாளிகளுக்காக, நடப்பதை அந்தந்த நொடியில் அப்படியே கவனிக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியைத் தொடங்கியிருந்தார். நாள்பட்ட வலிக்குக் கைகொடுப்பது பிரசவ வலிக்கு ஏன் உதவாது என்று யோசித்த பார்டாக், 1998-இல் கர்ப்பிணிகளுக்கென்றே தனி வகுப்பைத் தொடங்கினார். வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம் என ஒன்பது வாரங்கள். நடுவில் ஒரு நாள் முழுக்க மௌனப் பயிற்சி. வீட்டில் தினமும் அரை மணி நேரம். குழந்தை பிறந்த பிறகு எல்லோரும் கைக்குழந்தையோடு மீண்டும் ஒருமுறை கூடுவார்கள்.

வகுப்பில் சொல்லப்படும் ஒரு கணக்கு, முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டியது. இடுப்புவலி மணிக்கணக்கில் விடாமல் வலிப்பதில்லை. விட்டு விட்டுத்தான் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் வலி இருப்பது 12 நிமிடம். மிச்சம் 48 நிமிடம் உடலுக்கு ஓய்வு. அடுத்த வலியை நினைத்து நடுங்கியே அந்த ஓய்வைப் பலர் இழந்துவிடுகிறார்கள். பிரசவம் நெருங்க நெருங்க இடைவெளி குறையும், வலியும் கூடும். அப்போதும் கிடைக்கும் இடைவெளியில் தோளையும் தாடையையும் தளர்த்தி மூச்சோடு இருக்கத்தான் இந்த வாரங்கள் முழுக்கப் பழகுகிறார்கள்.

பயம் மனதோடு நிற்பதில்லை. அது அட்ரினலினைக் கூட்டுகிறது, தசைகளை இறுக்குகிறது; கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசினின் வேலைக்கும் அது தடையாகலாம். பயம் இறுக்கத்தையும் இறுக்கம் வலியையும் வளர்க்கிறது என்று இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1930-களிலேயே எழுதியிருக்கிறார்.

பலன் உண்டா? முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 30 பெண்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. பாதிப் பேருக்கு வார இறுதியில் இரண்டரை நாள் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி. மற்றவர்களுக்கு வழக்கமான பிரசவ வகுப்பு. பயிற்சி பெற்றவர்களிடம் ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை கூடியிருந்தது. மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன, பிரசவத்துக்குப் பிறகும் அந்த நிலை நீடித்தது. ஆனால், வலி குறைவாக இருந்ததாக அவர்கள் சொல்லவில்லை. வலி தெரியாமலிருக்க எபிடியூரல் ஊசி போட்டுக்கொண்டவர்களின் விகிதமும் குறையவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அதன் நேர்மை முக்கியமானது. ‘தியானம் செய்தால் வலியில்லாப் பிரசவம்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

பார்சிலோனாவில் நடந்த ஆய்வு பெரியது. எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம் அதிகமுள்ள 1,221 கர்ப்பிணிகள் அதில் கலந்துகொண்டனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 21.9 சதவீதம் பேருக்குக் குழந்தை வளர்ச்சி குறைந்து பிறந்தது. மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி பெற்றவர்களில் அது 15.6 சதவீதம். மத்திய தரைக்கடல் பாணி உணவைப் பின்பற்றியவர்களில் 14 சதவீதம். 2021-இல் முடிவுகள் வெளியாயின. மன அமைதியைச் சத்தான உணவுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசவேண்டிய காலம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்!

வீட்டில் தொடங்க வகுப்பு தேவையில்லை. வசதியாக உட்கார்ந்தோ, இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தோ, சில நிமிடங்கள் மூச்சை அதன் போக்கில் கவனித்தால் போதும். மனம் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கோ டெலிவரி தேதிக்கோ ஓடினால், கோபப்படாமல் மூச்சுக்குத் திரும்ப வேண்டும். மூச்சை அடக்கும் பிராணாயாமம் கர்ப்ப காலத்தில் வேண்டாம். வீட்டாருக்கும் ஒரு வேலை இருக்கிறது: முதல் பிரசவத்துக்கு நிற்கும் பெண்ணிடம், யாருக்கோ நடந்த சிக்கலான பிரசவக் கதைகளைச் சொல்லாதிருங்கள்.

இந்தப் பயிற்சி மருந்துக்கு மாற்று அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு ஏற்படுகிறது. பிரசவத்துக்குப் பிறகு இது 19.8 சதவீதம். இரண்டு வாரத்துக்கும் மேலாக அழுகையோ, தூக்கமின்மையோ, எதிலும் பிடிப்பில்லாத நிலையோ தொடர்ந்தால், அடுத்த செக்கப்பில் ரத்த அழுத்தத்தைச் சொல்வது போலவே இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.