முட்டையை அடை வைக்கும் முன் சேவலுக்கும் கணக்குப் போடுங்கள்

இங்கிலாந்தில் மார்ச், ஏப்ரல் வந்தால் நம்ம ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். ஒன்று, தக்காளி நாற்று எங்கே கிடைக்கும்? இன்னொன்று, வீட்டில் கோழி வளர்க்கணும், எந்தக் கோழி வாங்கலாம்? கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு இரண்டாவது கேள்வி கூடிவிட்டது. பின்பக்கம் சின்னதாக ஒரு புல்தரை இருக்கிறது. ஊரில் பாட்டி வீட்டுப் பஞ்சாரத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்புறம் என்ன? கேட்பவர்களில் நிறைய பேர் கடைசியில் வந்து நிற்பது பேண்டம் கோழிகளில்தான்.

பேண்டம் என்பது குள்ளக் கோழி. ஜாவா தீவில் உள்ள பாண்டென் துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்த சொல். அங்கே கப்பல்காரர்கள் பார்த்த சின்னக் கோழிகளுக்கு வைத்த பெயர், பிறகு எல்லாக் குள்ளக் கோழிகளுக்கும் பொதுவாகிவிட்டது. காலை மூடும் அளவுக்கு இறகு வளர்ந்து, பந்து மாதிரி உருண்டு வருவது பெக்கின். ஒவ்வொரு இறகுக்கும் கருப்பு ஓரம் போட்ட மாதிரி இருப்பது செப்ரைட். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் ஜான் செப்ரைட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய இனம் அது. மலேசியாவில் உருவான செராமா, அரை கிலோ எடையைத் தாண்டினாலே பெரிய விஷயம். 1835-ல் இங்கிலாந்தில் சேவல் சண்டைக்குச் சட்டத் தடை வந்தது. சண்டைக்களம் போன பிறகு அந்த நூற்றாண்டில் அழகுக் கோழிக் கண்காட்சிகள் வளர்ந்தன. இன்றும் ஊருக்கு ஊர் நடக்கின்றன.

சின்ன வீட்டுக்குப் பேண்டம் நல்ல தேர்வுதான். தீவனம் குறைவு, புல்தரையைப் பெரிதாகக் கிளறாது, பிள்ளைகள் கையில் எடுத்தால் அமைதியாக இருக்கும். மூன்று பெட்டைக் கோழி போதும். "சேவல் இல்லாமல் முட்டை போடுமா?" என்று இன்னும் நிறைய பேர் கேட்கிறார்கள். போடும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும், முட்டைக்கு வேண்டாம்.

வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் கொஞ்சம் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்யணும். முன்பு 50 பறவைகளோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயம். பறவைக் காய்ச்சல்தான் காரணம். 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை இங்கிலாந்து முழுவதும் கோழிகளை வெளியே விடவே கூடாது என்று உத்தரவு இருந்தது. அதனால் கூண்டுக்கு மேல்கூரையும், காட்டுப்பறவை நுழைய முடியாத வலையும் முதல் நாளிலிருந்தே வேண்டும். நரிக்கும் அதுவே காவல். இங்கே நரி நகரத்துக்குள்ளேயே திரியும்.

இன்னொன்று நம்ம வீடுகளுக்கு முக்கியம். மிச்சச் சோறு, காய்கறித் தோல் எதையும் கோழிக்குப் போடக் கூடாது. முழுக்க வீகன் சமையலறையாக இருந்தால் மட்டும்தான் விலக்கு. பாலும் நெய்யும் புழங்கும் சைவ வீட்டுக்கும் இது பொருந்தும். 2001-ல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு இது. தோட்டத்தில் பறித்த கீரையைச் சமையலறைக்குள் கொண்டுபோகாமல் நேராகப் போடலாம்.

இதுவரை எல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயங்கள்தான். சிக்கல், அடுத்த ஆசையில் ஆரம்பிக்கிறது. "நாமே குஞ்சு பொரிக்க வைப்போமா?"

கருவுள்ள முட்டை தபாலிலேயே வருகிறது. சின்ன இன்குபேட்டரின் விலையும் பெரிய விலை இல்லை. 37.5 டிகிரி வெப்பம், 18 நாள் வரை தினமும் முட்டையைத் திருப்பிவிடுவது, கடைசி மூன்று நாள் ஈரப்பதத்தைக் கூட்டுவது, 21 நாளில் குஞ்சு. பேண்டம் சில சமயம் ஒன்றிரண்டு நாள் முந்தியே வெளியே வந்துவிடும். பெக்கின், சில்க்கி பெட்டைகளுக்கு இயந்திரமே வேண்டாம். அடிக்கடி அடை படுக்கும் இனங்கள் அவை. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் இல்லை என்று தோன்றும். முதல் எட்டு வாரம் அப்படித்தான் இருக்கும்.

இப்போ ஒரு கணக்குப் பார்ப்போம். தபாலில் வந்த 12 முட்டையில் சில கூமுட்டையாகும், சிலவற்றில் கரு பாதியில் நின்றுபோகும். 6 குஞ்சு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணா பெண்ணா என்பது காசு சுண்டுவது போல. ஆறும் பெட்டையாக இருக்கும் வாய்ப்பு 64-ல் 1. இரண்டோ அதற்கு மேலோ சேவலாக இருக்கும் வாய்ப்பு 64-ல் 57. ஆக, குஞ்சு பொரிக்க முடிவெடுப்பதும் சேவல் வளர்க்க முடிவெடுப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதுவும் உடனே தெரியாது. பேண்டம் குஞ்சுகளில் ஆண், பெண் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். சில்க்கியில் நான்கைந்து மாதம்கூட ஆகும். அதற்குள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது, மடியில் தூங்கப் பழகியாகிவிட்டது. ஒரு நாள் காலை நாலரை மணிக்கு, இங்கே கோடையில் விடியும் நேரத்தில், அதில் ஒன்று தொண்டையைத் திறந்து கூவும். உடம்பு சின்னதாக இருக்கிறதே என்று குரலும் சின்னதாக இருக்காது.

சேவல் வளர்க்கக் கூடாது என்று பொதுச் சட்டம் எதுவும் இங்கே இல்லை. ஆனால் வாடகை ஒப்பந்தத்திலோ வீட்டுப் பத்திரத்திலோ தடை இருக்கலாம். அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தால், 1990-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி கவுன்சில் நோட்டீஸ் அனுப்ப முடியும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் புகார் வர ரொம்ப நாள் ஆகாது. மூன்று பெட்டைக்கு இரண்டு சேவல் இருந்தால் அது வேறு பிரச்சினை. சேவல்கள் ரத்தம் வரச் சண்டை போடும், பெட்டைகளின் முதுகில் இறகே மிஞ்சாது.

இங்கேதான் நம்ம ஊர் அனுபவம் நம்மை ஏமாற்றுகிறது. ஊரில் சேவலுக்குத்தான் மதிப்பு. கருப்பசாமிக்கு நேர்ந்துவிடுவது சேவல், மாப்பிள்ளை வந்தால் அடிப்பது சேவல், சந்தையில் நல்ல விலைக்குப் போவதும் சேவல். அதனால் "சேவல் அதிகமாயிட்டா என்ன பண்றது?" என்ற கேள்வியே பாட்டிக்கு வந்திருக்காது. இங்கே அது அப்படியே தலைகீழ். பெட்டைக்கு விலை உண்டு, சேவலை இலவசம் என்றாலும் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். விலங்கு காப்பகங்களுக்குப் போன் செய்தால், ஏற்கெனவே சேவல்கள் நிறைந்திருக்கின்றன என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். சிலர் இருட்டின பிறகு கொண்டுபோய்க் காட்டோரம் விட்டுவிடுகிறார்கள். "சுதந்திரமா இருக்கட்டும்" என்று சமாதானம் வேறு. வீட்டுச் சேவலுக்கு அது சுதந்திரம் இல்லை, நரிக்கு விருந்து. 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி வழக்கும் வரலாம்.

அறுத்துச் சாப்பிடலாமே என்றால், சொந்த வீட்டுத் தேவைக்கு அனுமதி உண்டு. ஆனால் நினைவிழக்கச் செய்யாமல் ஊர் வழக்கப்படி கழுத்தை அறுக்கக் கூடாது. தேவையில்லாத வலியைக் கொடுப்பது குற்றம். முறை தெரிந்த ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளாமல் செய்யக்கூடிய வேலை இல்லை. மடியில் வைத்து வளர்த்த பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பது தனிப் பிரச்சினை.

அழகுக்காக இனம் சேர்ப்பதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஜப்பானிய பேண்டம் கோழியின் அழகே தரையைத் தொடும் குட்டைக்கால்தான். அந்தக் குட்டைக்கால் மரபணு ஒரு பிரதி இருந்தால் அழகு, இரண்டு பிரதி சேர்ந்தால் உயிர்க்கொல்லி. குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு கரு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். நான்கில் இரண்டு குட்டைக்கால், ஒன்று நெட்டைக்கால். குட்டைக்காலை நெட்டைக்காலோடு சேர்த்தால் இந்தச் சாவு இல்லை, ஆனால் பாதிக் குஞ்சு நெட்டையாக வரும். அனுபவமுள்ள வளர்ப்பாளர்களுக்கு இது தெரியும். படத்தைப் பார்த்து முட்டை வாங்குபவருக்குத் தெரியாது.

"கடை முட்டைக்குப் பின்னால் மட்டும் சாவு இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. முட்டைக்கோழிப் பண்ணைகளுக்காகப் பொரிக்கும் ஆண் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடுவதுதான் உலகெங்கும் வழக்கம். ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து அதைத் தடை செய்தது, பிரான்ஸும் தொடர்ந்தது. முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் அங்கே இப்போது புழக்கத்தில் இருக்கிறது. அந்தச் சாவில் பங்கு வேண்டாம் என்றுதான் பலர் வீட்டில் கோழி வளர்க்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் யோசிக்காமல் இன்குபேட்டரை ஓட்டினால், அதே பிரச்சினையைச் சின்ன அளவில் வீட்டுக்குள் கொண்டுவந்த மாதிரிதான் ஆகும்.

இதற்காகக் கோழியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வளருங்கள். ஆரம்பிப்பவர்கள் குஞ்சாக வாங்காமல், பெட்டை என்று உறுதியாகத் தெரிகிற வெடைக்கோழியாக நல்ல வளர்ப்பாளரிடம் வாங்குங்கள். விலை கூடத்தான் இருக்கும். அவர் சேவல்களையும் சேர்த்து வளர்த்த செலவு அதில் இருக்கிறது. சில்க்கி, செப்ரைட் இனங்களை மாரெக் நோய் எளிதில் தாக்கும் என்பதால் தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். பெக்கின் வாங்கினால் கால் இறகில் சேறு கட்டாமல் தரை காய்ந்திருக்கணும். மரக்கூண்டின் இடுக்கில் ஒளிந்து இரவில் ரத்தம் குடிக்கும் சிவப்புப் பூச்சிக்கு வாரம் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

குஞ்சு பொரித்தே ஆகணும் என்றால், முட்டை வாங்கும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். மூன்று சேவல் வந்தால் எங்கே போகும்? தூரத்தில் நிலம் வைத்திருக்கும் நண்பர் எடுத்துக்கொள்வாரா? முட்டை விற்பவரே சேவல்களைத் திருப்பி வாங்கிக்கொள்வாரா? நாமே சாப்பிடப் போகிறோம் என்றால், பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட்டோமா? இதில் ஒன்றுக்காவது "ஆமாம்" என்று பதில் கிடைத்தால் இன்குபேட்டரை ஆன் பண்ணுங்கள். கிடைக்கவில்லை என்றால் இந்த வருஷம் மூன்று வெடைக்கோழி போதும்.