சிகப்பு ரோஜாக்கள்

சிகப்பு ரோஜாக்கள் 1978 ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்த் திரைப்படமாகும். பாரதிராஜாவின் இயக்கத்தில் கமல்ஹாசன், ஸ்ரீதேவி முதலானோர் நடித்துள்ளனர். பாக்யராஜ் வசனம் எழுத, பி. எஸ். நிவாஸ் ஒளிப்பதிவு செய்ய, இளையராஜா இசையமைத்தார். தமிழில் வெளிவந்த தொடர்கொலைத் திகில் படங்களுள் முன்னோடியாக இது கருதப்படுகின்றது.

பின்னணி

16 வயதினிலே (1977), கிழக்கே போகும் ரயில் (1978) ஆகிய கிராமியப் படங்களால் அறியப்பட்ட பாரதிராஜா, நகரத்தைக் களமாகக் கொண்டு இப்படத்தை இயக்கினார். இதில் இரு பாடல்கள் மட்டுமே உள்ளன. அவற்றுள் ஒன்றைக் கமல்ஹாசன், எஸ். ஜானகியுடன் இணைந்து பாடியுள்ளார். பாடல்களைக் காட்டிலும் பின்னணி இசையே அச்சத்தை வளர்க்கின்றது.

கதை

செல்வந்தனான திலீப் (கமல்ஹாசன்) பெண்களை வெறுப்பவன். அவர்களைக் கவர்ந்து தன் மாளிகைக்கு அழைத்து வந்து கொலை செய்து, தோட்டத்தில் புதைக்கின்றான். அக்கொலைகளின் படச்சுருள்களை அவனது வளர்ப்புத் தந்தை பார்த்து மகிழ்கின்றார். துணிக்கடையில் பணிபுரியும் சாரதா (ஸ்ரீதேவி) திருமணத்திற்கு முன் அவனுக்கு இணங்க மறுக்கவே, அவளை மணம் புரிகின்றான். அம்மாளிகையில் சாரதா அவனது கடந்த காலத்தை அறிகின்றாள். முத்து என்னும் பெயருடைய ஆதரவற்ற சிறுவனாக இருந்தபோது, அடைக்கலம் தந்த வீட்டில் ஒரு பெண் சுமத்திய பொய்ப்பழியால் துன்புற்றவன் அவன். உயிர் தப்ப ஓடும் சாரதாவைத் துரத்துகையில் திலீப் பிடிபடுகின்றான். சிறையில் நினைவிழந்த அவனது மனதில் சாரதாவின் பெயர் மட்டுமே எஞ்சுகின்றது.

அமெரிக்கப் படங்களுடன் ஒப்பீடு

ஆங்கிலத்தில் 'ஸ்லாஷர்' எனப்படும் படவகையைப் பரவலாக்கிய ஹாலோவீன் 1978 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவில் வெளியானது. சிகப்பு ரோஜாக்கள் அதே மாதம் 28 ஆம் நாள் வெளியானது. எனவே இதனை ஹாலோவீனின் தழுவல் எனக் கொள்ள இயலாது.

அமெரிக்காவில் பள்ளி விடுமுறைக் காலத்தில் சிறுவர்கள் ஏரிக்கரைகளிலும் காடுகளிலும் தங்கும் கோடைமுகாம்கள், பின்னர் இவ்வகைப் படங்களின் களமாயின. பிரைடே தி தேர்ட்டீன்த் (1980), ஸ்லீப்அவே கேம்ப் (1983) ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கன. இவ்விரண்டிலும் கொலையாளி யார் என்பது இறுதியிலேயே வெளிப்படும். சிகப்பு ரோஜாக்களில் அது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகின்றது. பார்வையாளர் அறிந்ததைக் கதைநாயகி அறியாதிருப்பதே இங்கு அச்சத்திற்குக் காரணமாகும். எனினும் பழைய துயரமொன்றே கொலைகளுக்கு மூலமாவது மூன்று படங்களுக்கும் பொதுவானது.

திறனாய்வு

இப்படவகையில் ஒழுக்கத்துடன் சித்தரிக்கப்படும் பெண் ஒருத்தி மட்டும் இறுதிவரை உயிர் பிழைப்பதைக் கேரல் குளோவர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1987 இல் சுட்டிக்காட்டி, அவளை 'இறுதிப் பெண்' என்றழைத்தார். சாரதா இவ்விலக்கணத்திற்குப் பொருந்துகின்றாள். திலீப்புக்கு இணங்கும் பெண்கள் மடிய, மறுத்தவள் பிழைக்கின்றாள். கொலைகாரனின் வெறுப்புக்குப் பெண்களின் குற்றமே காரணமாகக் காட்டப்படுவதும், மடிந்த பெண்களை விட அவன்மீது கூடுதல் இரக்கம் தோன்றும் வகையில் படம் முடிவதும் இப்படத்தின் குறைகளாகும்.

தாக்கம்

பாரதிராஜாவே இதனை ரெட் ரோஸ் (1980) என்ற பெயரில் ராஜேஷ் கன்னா, பூனம் தில்லான் நடிப்பில் இந்தியில் இயக்கினார். பாலு மகேந்திராவின் மூடுபனி (1980), மணிவண்ணனின் நூறாவது நாள் (1984) ஆகியன தமிழில் இதனைத் தொடர்ந்து வந்த கொலைத் திகில் படங்களாகும்.