தனி அறையா, பங்கு அறையா?

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பார்கள் நம் பாட்டிமார். அவர்கள் திருப்பதியில் வாடகைக்கு அறை தேடியவர்கள் அல்லர்.

விடுதியில் இடம் கிடைத்த நண்பர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பெட்டியும் படுக்கையுமாக ஜாகை தேடி அலைபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். புதிதாகச் சேரும் தமிழ் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தனியாக அறை பிடிப்பதா, இருவராகச் சேர்ந்து பிடிப்பதா? செலவு பாதியாகும், சேர்ந்தே பிடியுங்கள் என்று நாமும் சொல்லி அனுப்பிவிடுகிறோம். நானும் சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த விடையில் ஒரு பிழை இருப்பது எனக்குச் சென்ற ஆண்டுதான் தெரிந்தது.

முதலில் ஊரைப் பற்றி ஒரு சொல். திருப்பதி 1954-இல் பல்கலைக்கழகம் வந்தபின் மாணவர் ஊராகவும் ஆயிற்று. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அது யாத்திரிகர் ஊர். இரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகிலுள்ள ஓர் அறையை நாள் வாடகைக்கு விட முடியுமானால், அதை மாத வாடகைக்கு மாணவனிடம் கொடுப்பானேன் என்று வீட்டுக்காரர் எண்ணுவது இயல்புதானே. ஆகவே நாம் தேட வேண்டியவை அவற்றிலிருந்து விலகிய தெருக்கள். தெலுங்கு எழுத்து அறியாத நம்மவர், "இல்லு அத்தெகு இவ்வபடுனு" என்னும் வாசகத்தையாவது கண்ணால் பழகிக்கொள்வது நலம். வீடு வாடகைக்கு விடப்படும் என்பது பொருள். 'டு லெட்' என்று ஆங்கிலத்தில் பலகை மாட்டாத வீடுகளில் போட்டி குறைவு என்பது நான் கண்டது.

சித்தூரில் உறவினர் இருக்கிறார்கள், அங்கிருந்தே நாள்தோறும் வந்து போகலாமே என்று எண்ணுவோரும் உண்டு. தொலைவு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பாகாலா, சந்திரகிரி வழியாக இரயிலும் உண்டு, பேருந்துகளும் உண்டு. ஆந்திர முகவரியுடன் அடையாள அட்டை உள்ள மாணவிகளுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் அரசின் சாதாரண, எக்ஸ்பிரஸ் பேருந்துகளில் கட்டணமில்லை; சித்தூரிலேயே பிறந்து வளர்ந்த நம் சகோதரிகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் நேரத்துக்கு இலவசம் கிடையாது. போக வர நான்கு மணி நேரம் வண்டியிலேயே கழிந்தால், மாலை வரை ஆய்வுக்கூடத்தில் நிற்க வேண்டிய எங்களைப் போன்றவர்கள் படிப்பது எப்போது?

இனி கணக்குக்கு வருவோம். இருவர் சேர்வதால் எல்லாச் செலவும் பாதியாவதில்லை. ஆள் ஒருவரோ இருவரோ, மாறாமல் நிற்கும் செலவுதான் பாதியாகும். வாடகை, இணையக் கட்டணம், அடுப்பு, வாளி, துடைப்பம் ஆகியவை அவ்வகை. சாப்பாடும் பேருந்தும் புத்தகமும் அவரவர் செலவு. மின்சாரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரே மின்விசிறியின் காற்று இருவருக்கும் வீசும். ஆனால் யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறுவதால், சேர்த்த கணக்கு மேற்படியில் போய் விழவும் கூடும். ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டிப் பழகியவர்கள், இங்கே மாதந்தோறும் பில் வரும் என்பதையும் நினைவில் வைக்க. தனி மீட்டர் இல்லாமல் வீட்டுக்காரரின் உள்மீட்டர் மட்டும் இருந்தால், யூனிட்டுக்கு அவர் என்ன விலை வைக்கிறார் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஆக, இலாபத்தின் பெரும்பகுதி வாடகையில்தான். அங்கேதான் நான் ஏமாந்தேன்.

கணக்குக்காக எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். தனி ஒருவர் இருக்கும் சிறிய அறைக்கு மாதம் 5,000 ரூபாய் என்றும், இருவர் இருக்க ஏற்ற இரண்டு அறை வீட்டுக்கு 8,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். சேர்ந்து எடுத்தால் தலைக்கு 4,000. மாதம் 1,000 ரூபாய் மிச்சம். பதினொரு மாதத்துக்கு 11,000. நல்ல இலாபம்தான். ஆனால் தோழர் இடையில் கிளம்பிவிட்டால்? அவர் இல்லாத ஒவ்வொரு மாதமும் நம் பங்கு 4,000 கூடும். 11,000-ஐ 4,000-ஆல் வகுத்தால் இரண்டே முக்கால் வருகிறது. மூன்று மாதம் அந்த இடம் காலியாகக் கிடந்தால், சேர்ந்து வாழ்ந்ததன் மிச்சம் முழுவதும் போய், கையிலிருந்தும் ஆயிரம் போகும்.

என் தோழருக்குக் கார்த்திகை மாதத்தில் வெளியூரில் வேலை கிடைத்தது. மகிழ்ச்சியோடு வழியனுப்பி வைத்தேன். மாசி வரை வேறு ஆள் அமையவில்லை. தேர்வுக் கட்டணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த பணம் வாடகைக்குப் போயிற்று. அபராதத்தோடு கட்டுவதற்கு அப்பாவிடம் கேட்க வேண்டியதாயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வருத்தம்.

இப்போது வேறு விதமாகப் பாருங்கள். அதே 5,000 ரூபாய் அறையில் இருவர் நெருக்கிக்கொண்டு இருந்தால் தலைக்கு 2,500. தோழர் மறுநாளே போய்விட்டாலும், தனியாக இருந்திருந்தால் கொடுத்திருக்க வேண்டிய தொகைக்கு மேல் நாம் ஒரு காசும் கொடுப்பதில்லை. ஆகவே முழு வாடகையையும் தனியாகத் தாங்க முடிகிற அறையைத்தான் பங்குக்குப் பிடிக்க வேண்டும் என்பது என் முடிவு. இடம் நெருக்கம்தான், மறுக்கவில்லை.

பெரிய வீடுதான் வேண்டும் என்பவர்கள் இருவருக்குள்ளும் ஒரு தாளாவது எழுதிக்கொள்ளட்டும். வீட்டுக்காரர் போடும் ஒப்பந்தம் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்கு இருக்கும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதே காரணம். அதில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், வாடகைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர் ஒருவரே. நமக்குள் எழுதும் தாளில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: போகிறவர் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், அவருடைய முன்பணம் அடுத்த ஆள் வந்த பிறகே திரும்பும். நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்று நாங்கள் நினைத்தோம்.

இரண்டு அறையில் ஒன்றில்தான் சன்னல் இருக்கிறது என்றால் வாடகையை எப்படிப் பிரிப்பது? ஒருவர் இரண்டுக்கும் விலை பிரிக்கட்டும். மற்றவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும். சண்டைக்கு இடமிராது. மூவர், நால்வர் என்றாலும் ஒருவர் மற்றவர்மேல் பொறாமைப்படாதபடி பிரிக்க வழியுண்டு என்று 1999-இல் பிரான்சிஸ் சூ என்னும் கணித அறிஞர் நிறுவினார். அதற்கு அவர் கையாண்டது 1928-இல் ஸ்பெர்னர் முக்கோணங்களைப் பற்றிக் கண்ட ஒரு துணைத்தேற்றம்! கணிதத் துறை நண்பர்கள் மற்றதை விளக்குவார்கள்.

பணத்தால் அளக்க முடியாதவையும் உண்டு. ஒருவருக்குச் சமைக்கும் நேரத்தில் இருவருக்கும் சமைத்துவிடலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் கை ஓய்வு. முகவரிச் சான்று இல்லாதவர்கள் அடையாள அட்டையை மட்டும் காட்டி ஐந்து கிலோ எரிவாயு உருளை வாங்கலாம். இப்போது என்னோடு சிறிய அறையில் இருப்பவர் மதனப்பள்ளித் தெலுங்கர். இரவு இரண்டு மணி வரை விளக்கெரித்துப் படிப்பார். நான் துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு தூங்குவேன். ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது, நடுநிசியில் ஆட்டோ பிடித்து, மருத்துவரிடம் என் உடல்நிலையை எனக்கே தெரியாத தெலுங்கில் விவரித்தவர் அவர்தான். தனி வளையில் அன்று என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

அவருக்கு என்னிடம் ஒரே குறை. திருப்பதியில் நமக்கு ஓர் அறை இருப்பது தெரிந்தால், தரிசனத்துக்கு வரும் உறவினர் எல்லாரும் அங்கேதான் இறங்குவார்கள். புரட்டாசியில் கேட்கவே வேண்டாம். "விருந்தினர் இருவருக்கு மேல் வேண்டாம், இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம்" என்று இம்முறை தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அடுத்த சனிக்கிழமையே என் சித்தப்பா, சித்தி, மூன்று குழந்தைகள், ஒரு டின் முறுக்கோடு வந்து இறங்கினார்கள். தோழர் முறுக்கை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் படுக்கப் போனார்.